ஏழு பேர்

பல்வங்கர் பாலூ சமார் சாதியில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பின் ஆடுகளத்தைப் பராமரித்த கூலி. பந்துவீச்சில் அவரை மிஞ்ச ஆளில்லை என்றானதும் சாதி இந்துக்களின் கிரிக்கெட் அணி சேர்த்துக்கொண்டது. அவர் கை பட்ட பந்தைப் பிடித்தார்கள். டீ மட்டும் வெளியே, மண்குவளையில். 1911இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். கேப்டன் பதவி? அது மட்டும் கிடையாது. 1920இல் பாலூவையே கழற்றிவிட்டபோது தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆடமாட்டோம் என்று விலகினார்கள். 1923இல் விட்டல் கேப்டனானார். கெஞ்சி வாங்கியதில்லை அது.

இதைச் சங்கராபுரத்தில் எங்கள் காலனிப் பசங்களிடம் சொல்லக் காரணம் உண்டு. கோடைக்கு எழுவர் கால்பந்து அணி சேர்க்கிறோம். "நல்லா ஓடுற ரெண்டு பேர மட்டும் எங்க டீமுக்கு அனுப்புங்க" என்று ஊர்த்தெருவிலிருந்து கேட்டார்கள். பேர் அவர்களுக்கு, கால் நம்முடையது! பதினோரு பேர் ஆட்டமென்றால் பெரிய மைதானத்துக்கு அவர்களிடம்தான் போய் நிற்கணும். ஏழு பேருக்கு அறுவடையான வயல் போதும்; மலபாரில் அப்படியும் ஆடுகிறார்கள். கோலுக்கு ஒருத்தன், தடுக்க ரெண்டு பேர், நடுவில் மூணு, முன்னால் ஒருத்தன். அவர்கள் கேட்ட ரெண்டு பேரில் ஒருத்தன்தான் எங்கள் கேப்டன். மாற்றாளுக்கு இன்னும் மூணு பேர் வேணும். கரும்பு வெட்டப் போனவர்கள் திரும்பட்டும் என்று இருக்கிறோம்.