‘வெர்’: ஒருமையில் வரும் பழஞ்சொல்

‘நான் உன் இடத்தில் இருந்தால்’ என்பதை ஆங்கிலத்தில் ‘இஃப் ஐ வெர் யூ’ என்பார்கள். ‘ஐ’ ஒருமை ஆயிற்றே, ‘வாஸ்’தானே வரவேண்டும், பன்மைக்குரிய ‘வெர்’ எப்படி வந்தது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆனால் இந்த ‘வெர்’ பன்மையே அல்ல.

ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் நடந்ததைச் சொல்ல ஒரு வினைவடிவமும், வெறும் எண்ணத்தையோ விருப்பத்தையோ சொல்ல வேறொரு வடிவமும் இருந்தன. ‘இருந்தேன்’ என்பதற்கு ‘வாஸ்’. ‘இருந்தால்’ என்னும் எண்ணத்துக்கு ஒருமையிலேயே ‘வேரெ’. காலப்போக்கில் சொல்லிறுதி ஒலிகள் தேய்ந்து, மற்ற வினைகளில் இவ்விரண்டும் ஒன்றாகிவிட்டன. ‘இஃப் ஐ ஹேட்’ என்பதில் ‘ஹேட்’ வெறும் இறந்தகாலமாகத் தெரிவது அதனால்தான். இந்த ஒரு வினை மட்டும் பழைய வேறுபாட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

‘வாஸ்’, ‘வெர்’ என ஸகரமும் ரகரமும் ஒரே வினையில் மாறி நிற்பதற்குக் காரணம், ஆங்கிலத்தின் மூலமொழியில் அழுத்தம் விழுந்த இடம். டென்மார்க் மொழியியலாளர் கார்ல் வெர்னர் 1870களில் இதை விளக்கினார்.

இப்படி இறந்தகால வடிவம் ‘இருந்தால்’ போன்ற நிபந்தனையில் வந்து இறந்தகாலம் அல்லாததைச் சுட்டுவது நமக்குப் புதிதல்ல. ‘நாளை வந்தால்’ என்பதில் இருப்பதும் இறந்தகால அடிதான். ஆனால் ஆங்கிலத்தில் இந்த வடிவம், நடக்க வாய்ப்பில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

ஆகவே எல்லா ‘இஃப்’புக்கும் ‘வெர்’ போடாதீர்கள். ‘நேற்று நான் கடுமையாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள்’ என்பது நடந்திருக்கக்கூடியது. அங்கே ‘இஃப் ஐ வாஸ் ரூட்’ என்பதே சரி.