கொடைக்கானலில் ஒரு பழைய நீர்மூழ்கி: வாங்காமல் விட்ட கதை

போன வருட மழைக்காலத்தில் ஒரு நள்ளிரவு, தூக்கம் வராமல் இணையத்தில் மேய்ந்துகொண்டிருந்தபோது அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. அமெரிக்காவில் ஒருவர் தன் நீர்மூழ்கியை விற்கிறார். ஒரே ஒருவர் உட்காரும் கலம். மஞ்சள் பெயின்ட் உரிந்து கிடக்கிறது. பேட்டரி கிடையாது, டிரெய்லர் உண்டு. விலை, நான் ஓட்டும் செகண்ட் ஹேண்ட் காரைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

நான் ஒரு பழைய லாம்பி ஸ்கூட்டரையும் இரண்டு வால்வு ரேடியோக்களையும் உயிர்ப்பித்தவன். வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடத்தில் ஏரி. அப்புறம் என்ன? விடிவதற்குள் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் தயார். விலை, கப்பல் கூலி, சுங்கம், பேட்டரி, கண்ணாடி, பெயின்ட் என்று வரிசையாகக் கட்டங்கள். காலையில் காபியோடு வந்த மனைவி ஸ்க்ரீனைப் பார்த்துவிட்டு, "இது எத்தனை நாளைக்கு?" என்று மட்டும் கேட்டார்.

சிரிக்காதீர்கள். தனி ஆட்கள் நீர்மூழ்கி வைத்திருப்பதற்கு அறுபது வருடங்களுக்கு மேல் வரலாறு இருக்கிறது. ஃப்ளோரிடாவில் பத்திரிகைகள் நடத்திய ஜான் பெர்ரி என்பவர் பொழுதுபோக்காக ஆரம்பித்துச் செய்த கலங்களுக்கு 'கப்மெரின்' என்று பெயர். 1966-ல் ஸ்பெயின் கடலோரம் அமெரிக்க விமானம் ஒன்றிலிருந்து தவறி விழுந்த ஹைட்ரஜன் குண்டைத் தேடப் போனவற்றில் ஒரு கப்மெரினும் இருந்தது. இன்னொருவர் ஜார்ஜ் கிட்ரெட்ஜ். அமெரிக்கக் கடற்படையில் நீர்மூழ்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மெய்ன் மாநிலத்தில் பட்டறை போட்டு கே-250 என்ற ஒற்றை ஆள் நீர்மூழ்கியைச் செய்து விற்றார். 250 என்பது அது இறங்கக்கூடிய ஆழம், அடிக் கணக்கில். நம் கணக்கில் சுமார் 76 மீட்டர். கே-350 என்ற இருவர் கலத்துக்கு அவர் வரைபடங்களை விற்றார். அவற்றை வாங்கி வீட்டுப் பின்புறத்தில் வெல்டிங் செய்தவர்கள் பல நாடுகளில் உண்டு. நான் பார்த்த விளம்பரமும் இந்தப் பரம்பரையில் வந்த ஒரு கலம்தான்.

அடுத்த சில வாரங்கள் இதைத்தான் படித்தேன். படிக்கப் படிக்க ஸ்ப்ரெட்ஷீட்டில் கட்டங்கள் கூடின.

முதலில் ஓடு. கேஸ் சிலிண்டரில் அழுத்தம் உள்ளே இருக்கிறது. நீர்மூழ்கியில் அது வெளியே. வெளியிலிருந்து அமுக்கும் அழுத்தத்தை உருளை தாங்குவது அதன் வட்டம் வட்டமாக இருக்கும்வரைதான். டிரெய்லரில் ஏற்றும்போது எங்கோ இடித்து லேசாக நசுங்கியிருந்தால்கூடத் தாங்கும் சக்தி கணிசமாகக் குறையும். 60 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு மூடிமீது 76 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் 21 டன்னுக்கு மேல் அமுக்குகிறது. எனவே பழைய கலத்தின் தகட்டை அல்ட்ராசவுண்ட் கருவியால் அங்குலம் அங்குலமாக அளக்க வேண்டும். பெயின்ட்டுக்கு அடியில் துரு எவ்வளவு தின்றிருக்கிறது, முந்தைய ஓனர் எங்கே வெல்டு வைத்தார், எதற்காக வைத்தார் என்று எந்தப் பேப்பரும் வராது. காமென்ட் இல்லாத இருபது வருடத்துப் பழைய கோடு கையில் கிடைத்தால் எங்கள் தொழிலில் எப்படி இருக்குமோ, அப்படி. வித்தியாசம் என்னவென்றால், இங்கே பக் இருந்தால் உள்ளே இருப்பவன் நான்.

இரண்டாவது கண்ணாடி. அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக். மனிதர்கள் உட்காரும் அழுத்தக் கலங்களுக்கான அமெரிக்கத் தரவிதிகள், இத்தகைய அக்ரிலிக் ஜன்னல்களுக்குப் பொதுவாக வைக்கும் ஆயுள் பத்து ஆண்டுகள். பார்க்கப் பளிச்சென்று இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது காற்று. ஒற்றை ஆள் கலத்துக்குள் ஒரு கன மீட்டர் காற்றுகூட இருக்காது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் மூச்சிலேயே ஒரு மணி நேரத்தில் கார்பன் டை ஆக்சைடு 2 சதவீதத்தைத் தொட்டுவிடும். அதை உறிஞ்ச சோடா சுண்ணாம்பு, அதனூடே காற்றைத் தள்ள ஒரு விசிறி, ஆக்சிஜன் சிலிண்டர், அளவு காட்டும் மீட்டர். ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் அது 4 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு தீப்பொறி போதும்.

நான்காவது நம் ஏரி. இதைத்தான் நான் முதலில் யோசித்திருக்க வேண்டும். கடல்நீரைவிட நன்னீர் சுமார் இரண்டரை சதவீதம் லேசானது. கடலில் மிதவைக் கணக்கு சரியாக இருக்கும் ஒரு டன் கலம், கொடைக்கானல் ஏரியில் 25 கிலோ அதிக எடையோடு அடியில் போய் உட்காரும். அதுவும் எவ்வளவு அடியில்? ஏரியின் பரப்பு சுமார் 60 ஏக்கர். சராசரி ஆழம் 3 மீட்டர், அதிகபட்சம் 11 மீட்டர். 76 மீட்டர் போகக்கூடிய கலத்தை வாங்கி, சராசரியாக ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் நிற்கும் இடத்தில், சேற்றில் விடப் போகிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை போகவில்லை. அதை உலுக்கியது ஓர் உரையாடல்.

ஏரியில் படகுகளைப் பழுது பார்த்து வயதான ஒருவரை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். ஒருநாள் டீக்கடையில் அவரிடம் மொபைலில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. தெனமும் யாரு தண்ணி எறைக்கிறது?"

"இது மூடியிருக்கும்ணே, உள்ள தண்ணி வராது."

"வராத படகு எது தம்பி? யாரும் ஏறாட்டியும் காலைல போய் எறைக்கணும். கரையில ஏத்திப் போட்டாலும் பலகை காஞ்சு வாயைப் பொளக்கும். வாங்குறது ஒரு நாள் வேலை. எறைக்கிறது தெனமும் உள்ள வேலை."

வீட்டுக்கு வந்து ஸ்ப்ரெட்ஷீட்டில் 'யார்?' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன். எனக்குத் தெரிந்த வேறு பழைய கலங்களை, கருவிகளை அதே கட்டத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

தமிழ்நாடே ஒருமுறை பழைய நீர்மூழ்கி ஒன்றைக் கேட்டு வாங்கியது. பலருக்கு இது மறந்துபோயிருக்கும். ஐ.என்.எஸ். வாக்லி, சோவியத் ஒன்றியத்தில் கட்டிய ஃபாக்ஸ்ட்ராட் வகைக் கலம். நீளம் 91 மீட்டர். 1974 ஆகஸ்டில் நம் கடற்படையில் சேர்ந்து, 36 ஆண்டுகள் உழைத்து, 2010 டிசம்பரில் ஓய்வு பெற்றது. மாமல்லபுரத்தில் ஒரு கடல்சார் பாரம்பரிய அருங்காட்சியகம் அமைத்து அதன் நடுவில் வாக்லியை நிறுத்துவது என்று திட்டம். விசாகப்பட்டினத்திலிருந்து சென்னைத் துறைமுகம்வரை அதை இழுத்தும் வந்தார்கள். அங்கிருந்து மாமல்லபுரம் ஐம்பது அறுபது கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தை அது கடக்கவே இல்லை. வருடக்கணக்கில் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. பல்லவர்களின் துறைமுகத்தில் ஒரு நீர்மூழ்கியைப் பார்க்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குப் போயிற்று.

அதே வகைக் கலம்தான் ஐ.என்.எஸ். குர்சுரா. 1969 டிசம்பரில் சேர்ந்து, 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. 2002 ஆகஸ்டில் விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதைக் கரையேற்றி இப்போது நிற்கும் இடத்தில் நிறுத்தும் வேலைக்குச் சுமார் 18 மாதங்களும் 5.5 கோடி ரூபாயும் ஆயின. கடலோரம் என்றால் உப்புக்காற்று விடாது. 2007-லேயே துருப்பிடித்த தகடுகளை மாற்ற வேண்டி வந்தது.

குர்சுராவுக்கு நான் மகளோடு போயிருக்கிறேன். குனிந்து குனிந்து ஒவ்வொரு அறையாகப் போக வேண்டும். டார்பிடோ அறையில் விளக்கம் சொன்னவர் ஓய்வு பெற்ற கடற்படைக்காரர். மகள் ஒரு சக்கரத்தைப் பிடித்துத் திருகப் பார்த்ததும், "மெதுவா பாப்பா" என்று கையை அப்படியே பிடித்து எப்படித் திருப்புவது என்று காட்டினார். இத்தகைய கலத்தின் மொழி தெரிந்தவர்கள் அங்கே தினமும் வேலைக்கு வருகிறார்கள். 'யார்?' என்ற கட்டத்தில் குர்சுராவுக்கு எழுத ஆள் இருக்கிறது. வாக்லிக்கு? மணலில் இழுப்பது கஷ்டம் என்பது இரண்டுக்கும் பொதுதான். அருங்காட்சியகத்துக்கு நிலம், பணம், அனுமதி எல்லாவற்றையும் தேடியவர்கள், இழுத்து நிறுத்திய மறுநாள் காலையில் யார் சாவியோடு வருவார் என்பதை எவ்வளவு யோசித்தார்களோ தெரியாது. என் ஸ்ப்ரெட்ஷீட்டிலும் முதலில் அந்தக் கட்டம் இல்லைதானே.

எங்கள் மலைக்கும் பழைய சாமான்கள் ஏறி வந்திருக்கின்றன. 1863-ல் ஓடைகளை மறித்து இந்த ஏரியை உண்டாக்கிய மதுரை கலெக்டர் வியர் ஹென்றி லெவிஞ்ச், அதில் விடுவதற்குத் தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தார். அப்போது மலைக்கு வண்டிப்பாதை கிடையாது. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கர் தோப்பிலிருந்து நடந்தும், குதிரையிலும், ஆட்கள் தூக்கிய நாற்காலியிலும் ஏறிய காலம். படகையும் மனிதர்கள்தான் தூக்கியிருக்க வேண்டும். 1890-ல் படகுச் சங்கம் ஏற்பட்டது. ஏரியில் இன்றும் படகு ஓடுகிறது.

இன்னொன்று வானாய்வகத்தில் இருக்கிறது. 1850-ல் பாரிஸின் லெரபூர்-செக்ரெதான் கம்பெனி செய்த 6 அங்குலத் தொலைநோக்கி. மெட்ராஸ் வானாய்வகத்துக்காக வாங்கியது. 1898-ல் டப்ளினின் க்ரப் நிறுவனம் அதைச் சூரியனைப் படமெடுக்கும்படி புதுப்பித்தது. பிறகு கொடைக்கானலுக்கு வந்தது. நூறு வருடங்களுக்கும் மேலாக, மேகம் விலகும் நாட்களில் எல்லாம் அதில் சூரியனைப் படம் எடுக்கிறார்கள். அதற்குத் தினமும் ஒரு வேலை இருந்தது, அந்த வேலைக்குத் தினமும் ஓர் ஆள் இருந்தார். அதனால் துருப்பிடிக்க அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

என் வரிசைக்குத் திரும்பினேன். பணக் கட்டங்கள் எல்லாவற்றையும் எப்படியாவது நிரப்பிவிடலாம். 'யார்?' என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். வாரத்தில் ஐந்து நாள் ராத்திரி வரை கால். மாதம் ஒரு தடவை பெங்களூரு. பிளஸ் டூ படிக்கும் பெண். பெயரை அழித்தேன். என்னைப் போன்ற யாரோதான் அந்த மஞ்சள் கலத்தையும் ஒரு ராத்திரியில் ஆசைப்பட்டு வாங்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, டிரெய்லரில் விட்டிருக்க வேண்டும்.

விளம்பரம் இரண்டு மாதத்தில் காணாமல் போனது. தினமும் கை வைக்க நேரமுள்ள ஒருவர் வாங்கியிருக்கட்டும். மனைவி கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, அவரும் திரும்பக் கேட்கவில்லை.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வாக்லியில் வேலை பார்த்த தமிழர்கள் நிச்சயம் இருப்பார்கள். 36 வருடங்களில் எத்தனையோ பேர் அதற்குள் தூங்கி எழுந்திருப்பார்கள். அந்தக் கலத்தை நம்மால் நிறுத்தி வைக்க முடியவில்லை. அதற்குள் எப்படிச் சமைத்தார்கள், எப்படிக் குளிக்காமல் இருந்தார்கள், எந்த வால்வு எப்போதும் ஒழுகியது என்பதையாவது எழுதி வைக்கலாம். உங்கள் அப்பாவோ மாமாவோ அப்படி ஒருவர் என்றால் எனக்கு எழுதுங்கள். சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ வந்து உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள நான் தயார். சனிக்கிழமைகளில் செய்து முடிக்கக்கூடிய வேலை அது. அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன்.