கப்பலில் வந்த உணவும் வகுப்பறைப் பாடமும்: திருகோணமலையை முன்வைத்துப் பாடசாலைப் போசாக்கின் வரலாறு

இலங்கைப் பிள்ளை உணவைப் பற்றி மூன்று இடங்களில் கற்கிறது: பாடநூல், பாடசாலை இலவசமாகக் கொடுக்கும் உணவு, சிற்றுண்டிச்சாலை. இம்மூன்றும் நெடுங்காலம் வெவ்வேறு திசைகளில் போயின என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கொடை உணவின் காலம்

1945இல் வந்த இலவசக் கல்வி ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பெருமளவில் வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. அவர்களோடு பசியும் வந்தது. 1950 முதல் இலங்கையில் இயங்கிய கெயர் (CARE) என்ற வெளிநாட்டு உதவி நிறுவனம் பாடசாலைகளுக்குப் பால்மாவும் பின்னர் பிஸ்கட்டும் வழங்கியது. பாடசாலைப் பணிஸ் ஒரு தலைமுறையின் நினைவில் இன்றும் உண்டு. எதைக் கொடுப்பது என்பதைப் பிள்ளையின் தேவையைவிட வெளிநாட்டு உணவு உபரியே கூடுதலாகத் தீர்மானித்தது.

சீனக்குடா ஆலை

சிங்கப்பூரின் பிரிமா நிறுவனம் சீனக்குடாவில் அமைத்த மாவு ஆலை 1980இல் இயங்கத் தொடங்கியது. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வந்த தானியம் திருகோணமலைத் துறைமுகத்தில் மாவாகி நாடெங்கும் போனது. வேலைக்கு விடியற்காலையில் புறப்படும் குடும்பங்களுக்குப் பாண் சமையல் வேலையை மிச்சப்படுத்தியது. திருகோணமலையின் லிங்கநகர் போன்ற நகரக் குடியிருப்புகளுக்கும் இது பொருந்தும். பாடநூல் சோறு, கீரை, பருப்பு, மீன் என்று படம் காட்டியபோது பிள்ளையின் கையில் பாணும் சீனிச் சம்பலும் இருந்தன. பாடநூல் காட்டிய மீனோ அருகிலேயே இருந்தது: முள்ளோடு உண்ணக்கூடிய நெத்தலி நல்ல கல்சிய மூலம். அது கோதுமைக் கப்பல் வரும் இதே திருகோணமலைக் கரையில்தான் இறங்குகிறது.

தட்டிலிருந்து சட்டத்துக்கு

1989இல் ஜனாதிபதி பிரேமதாசவின் அரசு மதிய உணவைத் தேசியத் திட்டமாக்கியது. 2003இல் உலக உணவுத் திட்டம் போரால் பாதிக்கப்பட்ட பகுதிப் பாடசாலைகளில் உணவு வழங்கத் தொடங்கியது. ஆயினும் சிற்றுண்டிச்சாலையில் என்ன விற்கலாம் என்பதைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வரையறுத்தது 2007இல்தான். 2015இல் அது திருத்தப்பட்டது. 2016 ஓகஸ்ட் முதல் இனிப்புப் பானப் போத்தல்களில் நிறக் குறியீடு கட்டாயமானது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் குறைந்தால் பச்சை. சிவப்புக் குறியிட்ட 250 மில்லிலீற்றர் போத்தலில் 27 கிராமுக்கு மேல் சீனி உண்டு. அதாவது ஐந்து தேக்கரண்டிக்கும் அதிகம். கணக்குப் பாடத்திலேயே செய்து பார்க்கக்கூடிய போசாக்குப் பாடம் இது.

விடுபட்ட இணைப்பு

பொருளாதார நெருக்கடிக்குப் பின், 2024 மார்ச்சில் ஆரம்பப் பிரிவு மாணவர் அனைவருக்கும் மதிய உணவு விரிவாக்கப்பட்டது. அப்போது சுமார் 16 இலட்சம் பிள்ளைகளுக்கு, ஒரு வேளைக்கு 110 ரூபா ஒதுக்கப்பட்டது. இங்கேதான் பழைய பிளவு புது வடிவில் தெரிகிறது. இவ்வுணவு பெரும்பாலும் தரம் 5உடன் முடிகிறது. ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ தனிப் பாடமாகத் தரம் 6இல் தொடங்குகிறது. தட்டு கிடைக்கும் வயதில் தனிப் பாடம் இல்லை. பாடம் வரும் வயதில் தட்டு இல்லை.

ஆரம்ப வகுப்பின் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் உணவு ஏற்கெனவே இடம்பெறுகிறது. அப்பாடத்தை அன்றைய மதிய உணவைக் கொண்டே நடத்தலாம்: இன்று எந்தக் கீரை, எங்கிருந்து வந்தது, பருப்பு ஏன். மேலதிகச் செலவு இல்லை. கொடுக்கும் உணவையும் கற்பிக்கும் பாடத்தையும் ஒரே திட்டமாக வகுப்பதே கல்வி, சுகாதார அமைச்சுகளின் அடுத்த பணி.