ஆடுபுலியும் ஆகாயக் கப்பலும்

கோடை விடுமுறைக்கு வந்த பேரன் கூடத்து மேசையில் ஒரு பெட்டியைப் பிரித்தான். 2012இல் வெளிவந்த 'எக்ஸ்-விங்' என்னும் விண்கலப் போர் விளையாட்டு. ஒரு பக்கம் ஒரே கலம், எதிர்ப்பக்கம் இரண்டு.

"இது என்னல நியாயம்?" என்றேன்.

"அதுலதான் விளையாட்டே இருக்கு தாத்தா."

யோசித்துப் பார்த்தேன். நம் ஆடுபுலி ஆட்டமும் அப்படித்தானே! புலி 3, ஆடு 15, கோடுகள் சந்திக்கும் இடம் 23. புலி தாண்டி வெட்டும். ஆட்டால் வெட்ட முடியாது. கூடி நின்று வழியை அடைக்க வேண்டும். சதுரங்கத்தில் இருவருக்கும் ஒரே படை. இங்கே பக்கத்துக்கு ஒரு புத்தி வேண்டும். தோற்றவன் பக்கம் மாறி ஆடிப் பார்க்கத் துடிப்பான். செலவும் இல்லை, கரிக்கட்டையும் புளியமுத்தும் போதும்.

அப்பாவுக்குக் காரைக்காலில் வேலை. நான் படித்தது பிரெஞ்சு வழியில். வகுப்பில் கடைசி பெஞ்சில் 'பத்தாய் நவால்' ஆடுவோம். நோட்டில் பத்துக்குப் பத்து கட்டம் போட்டு, எதிராளிக்குத் தெரியாமல் கப்பல்களைக் குறித்து வைக்க வேண்டும். அடிபட்டால் 'தூஷே', மூழ்கினால் 'கூலே'. அமெரிக்காவில் இதை 1931இலேயே அச்சிட்டு விற்றார்கள். மறைப்பதுதான் அதன் ருசி. பேரனின் விளையாட்டிலும் கலம் போகும் திசையை ஒரு வட்டில் ரகசியமாகத் திருப்பிக் கவிழ்த்து வைத்து, பிறகே காட்டுகிறார்கள்.

விடுமுறைக்கு நெல்லை வரும்போது அத்தை பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுத்தேன். அவர்கள் கப்பல்களுக்கு வைத்த பெயர் காலியா, லாவோ. வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கம்பெனி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓட்டிய கப்பல்கள். வெள்ளைக்காரக் கம்பெனி என் தலையில்! என் கப்பல்கள் மூழ்காத நாளில்லை. பேரனுக்கு 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படக்கதை, எங்களுக்கு வ.உ.சி. கதை. மனத்தில் கதை இருந்தால் பென்சில் கோடும் கப்பலாகும்.

இவை எல்லாம் இருந்தாலும் எதிரே உட்கார ஆள் வேண்டும். ஓய்வு பெற்றபின் குறுக்குத்துறைப் படித்துறையில் நண்பர் ஒருவரோடு தினமும் ஆடுபுலி ஆடினேன். தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் கோடு அழியும். வடிந்ததும் மறுபடி போடுவோம். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் காலமானார். அதன்பின் நான் கோடு போடவில்லை.

பேரன் ஊருக்குப் புறப்படுமுன் கூடத்துத் தரையில் சாக்பீஸால் வரைந்தேன். "நான்தான் புலி" என்றான். எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். இரண்டு ஆட்டம் அடைபட்டான்.

மூன்றாவது ஆட்டத்துக்கு ஆட்டைக் கேட்டான்.