ஹம்லெற்றின் பித்து மெய்யா?

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் ஒருவர் இருந்தார். போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளைக் கடக்கையில் பித்தர்போல் பிதற்றித் தப்பிக்கொள்வார். 2009இல் போர் முடிந்த பின்னரும் அப்பிதற்றல் அவரை விட்டு நீங்கவில்லை.

சேக்ஸ்பியரின் ஹம்லெற் அவரையே எனக்கு நினைவூட்டுகிறான். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார், அந்நாடகத்தை ‘அமலாதித்யன்’ எனத் தமிழில் தழுவினார். அவரைக் குருவாகக் கொண்டவர் எங்கள் கலையரசு சொர்ணலிங்கம். ஆகவே ஹம்லெற் நமக்கும் அந்நியனல்லன்.

1200ஆம் ஆண்டையொட்டி டென்மார்க்கின் சாக்சோ எழுதிய மூலக்கதையில் ஐயத்துக்கே இடமில்லை. தந்தையைக் கொன்ற சிற்றப்பனிடமிருந்து உயிர்தப்பவே அம்லெத் பித்தனாக நடிக்கிறான். சேக்ஸ்பியரோ அத்தெளிவைக் கலைத்துவிட்டார். பித்தனாக நடிக்கப்போவதாக முதலாம் அங்கத்தில் ஹம்லெற்றே நண்பனிடம் கூறுகிறான். அங்கே தந்தையின் ஆவியைக் காவலரும் காண்கின்றனர். மூன்றாம் அங்கத்திலோ அது தாயின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஐந்தாம் அங்கத்தில், தன் கையால் தந்தையை இழந்த லேயர்டிஸிடம் மன்னிப்புக் கேட்கும் ஹம்லெற், பழியைத் தன் பித்தின்மேல் சுமத்துகிறான்.

அது வெறும் சாக்கு என்பார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. அச்சத்தில் அணிந்த முகமூடி, நாளடைவில் முகத்தோடு ஒட்டிக்கொண்டது. கொக்குவிலில் அதை என் கண்ணாலேயே கண்டேன்.