ஃபேரர் பார்க்கில் நான் கேட்காமல் விட்ட கேள்வி



ஜூன் விடுமுறை நெருங்கினால் பெற்றோர் சிலர் என்னிடம், "மூத்தவன் கல்லூரியில் படிக்கிறான், விடுமுறையில் முதியோர்களுக்குத் தொண்டு செய்ய அனுப்பலாமா?" என்று கேட்பதுண்டு. அவசியம் அனுப்புங்கள் என்றே சொல்வேன். ஆனால், என் கதையையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

1997-இல் சமூக ஈடுபாட்டுத் திட்டம் நம் பள்ளிகளில் வந்தது. அப்போது மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 6 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டியிருந்தது. மறு ஆண்டு நான் தொடக்கக் கல்லூரியில் சேர்ந்தேன். டிசம்பர் விடுமுறையில் தோழியர் நால்வருடன் ஒரு முதியோர் இல்லத்திற்குச் சென்றேன். ஆரஞ்சுப் பழம் கொடுத்தோம், பாட்டுப் பாடினோம். என் கண் முழுவதும் கையொப்பம் வாங்க வேண்டிய படிவத்தின் மீதே இருந்தது.

அங்கிருந்த தமிழ்த் தாத்தா ஒருவர், நான் எங்கே குடியிருக்கிறேன் என்று விசாரித்தார். ஃபேரர் பார்க் என்றேன். "அந்தத் திடல்ல அன்னிக்கு எங்கே பார்த்தாலும் தலைதான் பாப்பா. சாலை ஓரமா நின்னு பார்த்தேன். மறு வருஷம் நானே போய்ச் சேர்ந்துட்டேன்" என்றார். நானோ, "அங்கே இப்போது பந்து விளையாடுகிறார்கள், தாத்தா" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பழத்தை உரிக்கத் தொடங்கினார். எங்கே போய்ச் சேர்ந்தார் என்று நான் கேட்கவேயில்லை. மணி ஆறாகிவிட்டது, படிவத்தில் கையொப்பமும் கிடைத்துவிட்டது.

அவர் சொன்னது எந்த நாள் என்பது, சில ஆண்டுகள் கழித்து ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் வரலாற்றுப் பாடம் தயாரித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

1942 பிப்ரவரி 15 அன்று புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷார் சரணடைந்தனர். பிப்ரவரி 17 அன்று வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் சாங்கியை நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். இந்தியச் சிப்பாய்களுக்கு வேறு கட்டளை. பெருமாள் கோயிலுக்குப் பின்புறம், 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்த ஃபேரர் பார்க் திடலில் கூட வேண்டும். ஏறத்தாழ 45,000 பேர் கூடினர். பிரிட்டிஷ் தரப்பில் லெப்டினன்ட் கர்னல் ஹன்ட் அவர்களை ஜப்பானிய மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைத்தார். புஜிவாரா ஜப்பானிய மொழியில் பேசினார். அது ஆங்கிலத்திலும், பின்னர் இந்துஸ்தானியிலும் பெயர்க்கப்பட்டது. கேப்டன் மோகன் சிங் இந்தியாவின் விடுதலைக்காக ஒரு படையில் சேர அழைத்தார். அந்தக் கூட்டத்தில் இருந்த தமிழ்ச் சிப்பாயின் காதில் அவன் தாய்மொழியில் எதுவும் விழவில்லை. மொழி கற்பிப்பவள் என்பதாலோ என்னவோ, இதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

பலர் சேர்ந்தனர். சேர மறுத்தவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்களுள் பலரை ஜப்பானியர் நியூ கினி வரை கொண்டுசென்று கூலி வேலை வாங்கினர். பட்டினியிலும் நோயிலும் மாண்டவர்கள் ஏராளம். வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது சேர்ந்தவர்களை மட்டும் வீரர்கள் என்று சொல்லி முடிப்பது எனக்கு ஒப்பாது. இரண்டு முடிவுகளுக்கும் துணிவு வேண்டியிருந்தது.

மோகன் சிங் ஜப்பானியருடன் முரண்பட்டு 1942 டிசம்பரில் கைதானார். படையும் கலைந்தது. 1943 ஜூலை 2 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். ஜூலை 4 அன்று கேத்தே அரங்கில் தலைமையை ஏற்றார், மறுநாள் பாடாங்கில் அணிவகுப்பு நடந்தது. அதன் பின்னர்தான் பொதுமக்கள் திரண்டு சேர்ந்தனர். அப்படிச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர், மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள். நாட்டுப்பற்றால் வந்தவர்கள் உண்டு. சயாம் மரண ரயில்பாதைக்குப் பிடித்துச் செல்லப்படாமல் தப்ப வந்தவர்களும் உண்டு. அக்டோபரில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. அதில் சேர்ந்த பெண்களில் பள்ளி வயதைத் தாண்டாதவர்களும் இருந்தனர். அவர்களுள் ஒருவரான ராசம்மா பூபாலன் பின்னாளில் மலேசியாவில் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் விளங்கினார். தாத்தா "மறு வருஷம்" என்றது இந்த 1943-ஐத்தான். எந்த முகாமில் இருந்தார், பர்மா எல்லை வரை போனாரா, எந்த மனநிலையில் சேர்ந்தார்? எனக்குத் தெரியாது.

படையில் மாண்டவர்களுக்காக 1945 ஜூலை 8 அன்று நேதாஜி எஸ்பிளனேடில் நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதைத் தகர்த்தனர். அந்த இடத்தில் 1995-இல்தான் ஓர் அடையாளக் கல் வைக்கப்பட்டது. கல்லுக்கு 50 ஆண்டுகள் காத்திருக்க முடியும். மனிதருக்கு முடியாது. நல்ல வேளையாக, 1979-இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பிரிவு ஜப்பானியர் காலத்தவர் பலரின் குரலைப் பதிவு செய்து வைத்தது. அவற்றை இன்று தேசிய ஆவணக் காப்பகத்தின் வழியே கேட்கலாம். முன்னொரு விடுமுறையில் ஒரு வாரம் முழுவதும் உட்கார்ந்து கேட்டேன். என் தாத்தாவின் குரல் அதில் இருக்குமோ என்ற நப்பாசை எனக்கு. இல்லை.

1943-இல் 16 வயது என்றால் இன்று நூற்றை நெருங்கியிருப்பார். அந்தத் தலைமுறையிடம் கேட்க நேரமே இல்லை. அடுத்த தலைமுறை நம் வீட்டிலேயே இருக்கிறது. 1967 ஆகஸ்ட்டில் தேசிய சேவைக்குச் சென்ற முதல் அணியில் சுமார் 900 பேர் முழுநேர வீரர்களாக இருந்தனர். 1949-இல் பிறந்த அவர்களுக்கு இன்று வயது எழுபத்தைந்துக்கு மேல். ஃபேரர் பார்க் திடல் வட்டாரத்திலும் ஏறத்தாழ 1,600 வீடுகள் கட்டப்போவதாக 2022-இல் அறிவித்தார்கள்.

ஆகவே சென்ற விடுமுறையில் என் தொடக்கநிலை ஐந்து மாணவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சிக்குப் பதிலாக ஒரே வேலை கொடுத்தேன். தாத்தாவிடமோ பக்கத்து வீட்டுப் பெரியவரிடமோ தேசிய சேவையின் முதல் நாளைப் பற்றிக் கேட்டு எழுத வேண்டும். அண்ணன், அக்கா உதவலாம். ஒரு மாணவன் இரண்டே வரி எழுதி வந்தான். கண்டிக்க நினைத்துத் தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் அவன் அம்மா எழுதியிருந்தார்: "ஆசிரியை, மன்னிக்கவும். இவன் தூங்கிவிட்டான். மாமா இரவு பதினொரு மணி வரை என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை."