கடலுக்கு ஒரு பங்கு, கண்ணாடிக்கு ஒரு கரண்டி

ரொறன்ரோவில் வாழும் என் அக்காவின் மகள் சென்ற ஆண்டு எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். அத்தான் காலமாகி அப்போது இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. தகனம் அங்கேயே நடந்தது. "மாமா, அப்பாவின் சாம்பலைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து கடலில் கரைக்கப்போகிறோம். ஆனால் ஒரு கரண்டி மட்டும் எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்து ஒரு சிறு நினைவுப்பொருள் செய்விக்க நானும் தம்பியும் விரும்புகிறோம். பெரியப்பா அது பெரும் பாவம் என்கிறார். அம்மா ஒன்றும் சொல்லாமல் அழுகிறா. நீங்கள் பத்திரிகைக்காரர். முந்தி யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா?"

உடனே பதில் எழுத என்னால் இயலவில்லை. மூன்று வாரங்களுக்குப் பின் அவளுக்கு எழுதியதைச் சற்று விரித்து இங்கே பதிகிறேன்.

முதலில் அந்தத் தொழிலைப் பற்றி. மேலை நாடுகளில் கண்ணாடி ஊதும் கலைஞர்கள் பலர் இதைச் செய்துவருகின்றனர். தகனத்தின் பின் எஞ்சுவது ஏறத்தாழ 2 முதல் 3 கிலோ. அதில் பெரும்பகுதி எலும்பின் கல்சியம் பொஸ்பேற்று. கண்ணாடி 1,100 பாகை செல்சியஸ் அளவில் தேன்போல் இளகும். அந்த வெப்பத்தில் சாம்பல் உருகுவதில்லை. இளகிய கண்ணாடி உருண்டையைச் சாம்பலின்மீது உருட்டி, அதன்மேல் இன்னொரு கண்ணாடிப் படலத்தைப் போர்த்துவர். வெண்புள்ளிகளாகவும் நுண்குமிழிகளாகவும் சாம்பல் உள்ளே சிறைப்படும். பின்னர் சூளையில் மணிக்கணக்காக மெல்ல ஆறவிட வேண்டும். விரைந்து ஆறினால் வெடித்துவிடும். ஒரு கரண்டிச் சாம்பலே போதுமானது. ஆனால் ஒருமுறை உள்ளே போனதை மீண்டும் பிரித்தெடுத்துக் கடலில் இட முடியாது. பெரியப்பாவின் அச்சத்துக்கு அடிப்படை இதுதான்.

அவருடைய அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை. எங்கள் ஊரில் காடாற்றி எடுத்த சாம்பல் கடலுக்கே உரியது. வீட்டுக்குள் வைத்திருந்தால் ஆன்மா வாசலிலேயே நிற்கும் என்று எங்கள் பாட்டிமார் சொல்வர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்காக நகரிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கன்னியா வெந்நீரூற்றுக்குச் செல்லும் வழக்கம் திருகோணமலைச் சைவர்களுக்குத் தொன்றுதொட்டு உண்டு. தன் தாயின் இறுதிக்கடனுக்காக இராவணன் ஏழிடங்களில் நிலத்தைக் குத்தி நீர் வரவழைத்தான் என்பது ஐதீகம். அடுத்தடுத்து இருக்கும் அந்த ஏழு சிறு கிணறுகளிலும் சூடு சிறிது சிறிது வேறுபடும். 2019 ஜூலையில் அந்த இடத்தின் உரிமை பற்றிய தகராறு பெரும் போராட்டமாகி நீதிமன்றம் வரை சென்றதை வாசகர்கள் அறிவர். இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செய்யும் இடம் ஒரு சமூகத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் "தமிழன் என்றும் கரைத்தான், ஒருநாளும் காத்துவைக்கவில்லை" என்று பெரியப்பா சொல்வது வரலாற்றுக்கு ஒவ்வாது.

தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் தோண்டியபோது வரிசை வரிசையாக முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன. இலங்கையின் மேற்குக் கரையோரம் பொம்பரிப்பிலும் அத்தகைய தாழிகள் கிடைத்துள்ளன. நம் முன்னோர் எலும்புகளைச் சேர்த்து, உணவும் அணிகலனும் கூட வைத்து, மட்பாண்டத்துள் பாதுகாத்தனர். கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவனை வேண்டுவது புறநானூற்றின் 256ஆம் பாடல். பிரிய மனமில்லாத துயரம் எங்கள் மொழியில் அவ்வளவு பழையது.

இதே ரீ 1892இல் ஆந்திரத்துப் பட்டிப்புரோலுவில் ஒரு பௌத்தத் தூபியைத் தோண்டியபோது, கற்பேழைகளுக்குள் பளிங்குச் சிமிழ்களைக் கண்டெடுத்தார். 1898இல் பிப்ராவாவில் வெளிப்பட்டதும், மீன் வடிவப் பிடிகொண்ட ஒரு பளிங்குச் சிமிழே. உள்ளிருப்பது வெளியே தெரியும் ஒரு கலத்தில் அன்புக்குரியவரின் எச்சத்தை வைக்க வேண்டும் என்ற ஆசை, கனடாவின் கண்ணாடிப் பட்டறைகளில் பிறந்ததன்று. எங்கள் மாவட்டத்துத் திரியாயில் உள்ள பழைய தூபி, புத்தரின் தலைமுடியை வைத்து எழுப்பப்பட்டது என்பது பௌத்தர்களின் நம்பிக்கை.

தலைமுடி என்றதும், துறைமுகப் பக்கம் போகும்போதெல்லாம் நான் எண்ணிப்பார்க்கும் ஒரு கல்லறை நினைவுக்கு வருகிறது. எஸ்பிளனேட் கல்லறைத் தோட்டத்தில் ரியர் அட்மிரல் சாள்ஸ் ஆஸ்டின் துயில்கிறார். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி அவர். இரண்டாம் பர்மியப் போரின்போது, 1852 ஒக்ரோபர் 7ஆம் நாள் ஐராவதி ஆற்றில் வாந்திபேதியால் இறந்த அவருடைய உடல் திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்டது.

அவருடைய அக்கா ஜேன் 1817 ஜூலையில் மறைந்தபோது, மூத்த சகோதரி கசாண்ட்ரா அவருடைய கூந்தலிலிருந்து சில கற்றைகளை வெட்டி எடுத்துக்கொண்டார். ஒன்றைத் தோழி ஆன் ஷார்ப்புக்கு அனுப்பினார். அக்காலத்து ஆங்கிலேயர் இறந்தவரின் முடியைப் பின்னி, கண்ணாடியோ பளிங்கோ மூடிய மோதிரத்திலும் மார்பூசியிலும் பதித்து அணிந்தனர். ஜேனின் முடிக்கற்றை ஒன்று கைமாறிக் கைமாறி அமெரிக்காவுக்குப் போயிற்று. 1949இல் ஆஸ்டின் அன்பர்களின் ஆண்டுக்கூட்டத்தில் இந்த இழப்பைக் குறித்து ஒருவர் வருந்திப் பேச, அவையிலிருந்த அல்பேர்ட்டா பேர்க் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுந்து, அது தன்னிடமே இருப்பதாகவும் அதைக் கொடுத்துவிடுவதாகவும் அறிவித்தார். இன்று அது சோட்டன் கிராமத்து நினைவு இல்லத்தில் இருக்கிறது. தம்பியோ எங்கள் கடற்கரை மண்ணில் இருக்கிறார்.

கரைப்பதே முறை என்று கொண்ட இந்தியாவிலும் எல்லாம் கரைந்துவிடவில்லை. 1948இல் காந்தியடிகளின் அஸ்தி பங்கிடப்பட்டுப் பல திசைகளுக்கும் அனுப்பப்பட்டது. ஒரு பகுதி கட்டாக் நகரத்து வங்கிப் பெட்டகம் ஒன்றில் பல பத்தாண்டுகள் கிடந்து, 1997 ஜனவரி 30ஆம் நாள் கொள்ளுப்பேரன் துஷார் காந்தியின் கையால் அலகாபாத்தில் கங்கையைச் சேர்ந்தது. இன்னொரு பகுதி 2008இல் மும்பைக் கடலில் கரைக்கப்பட்டது. வேறொரு பகுதி லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஓர் ஏரிக்கரைத் தியான ஆலயத்தில், கற்பேழைக்குள் 1950 முதல் வைக்கப்பட்டிருக்கிறது. அடிகளின் ஆன்மா இவற்றால் அல்லலுற்றது என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை.

இவ்வளவும் எழுதிய பின்னும் அவளுக்கு ஒன்றைச் சொல்லாமல் விட்டதாகத் தோன்றியது. அது எங்கள் வீட்டுக் கதை. அவளுடைய தாய் அவளுக்கு முழுமையாகச் சொல்லாதது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது என் அண்ணன் சைக்கிளில் வெளியே போனவன் திரும்பவில்லை. உடல் கிடைக்காதவர்க்குத் தர்ப்பையால் பாவை செய்து எரித்து, அச்சாம்பலைக் கரைக்கலாம் என்று சாத்திரம் இடம் தருகிறது. ஐயர் வந்து எடுத்துச் சொன்னார். அம்மா ஒப்பவில்லை. "புல்லை எரித்து என் பிள்ளை என்று சொல்லுவேனோ?" என்று கேட்டார். அவனுடைய நீலச் சட்டை ஒன்றை இருபது ஆண்டுகள் தோய்க்காமல் வைத்திருந்தார். 2016இல் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழை அதன்கீழ் பெறலாம். அதைப் பெற அம்மா இருக்கவில்லை. அவருடைய சிதையில் அந்தச் சட்டையையும் நாங்கள் வைத்தோம். கடலுக்குப் போன அந்தச் சாம்பலில் அண்ணனின் பங்கு அவ்வளவுதான்.

சாம்பல் எல்லோருக்கும் ஒரே பொருள் தருவதுமில்லை. 2020 மார்ச் இறுதி முதல் 2021 பெப்ரவரி வரை கொரோனாவில் இறந்தோர் அனைவரையும் இலங்கையில் கட்டாயமாக எரித்தனர். அடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் அது நடந்தது. எங்கள் மாவட்டத்தில் கிண்ணியா, மூதூர் முஸ்லிம்களோடு அடுத்தடுத்து வாழும் எங்களுக்கு அவர்களுடைய மனம் தெரியும். மண்ணுக்குக் கொடுக்க வேண்டிய உடல் சாம்பலாக வருவதைவிடக் கொடிது அவர்களுக்கு வேறில்லை. 2024 ஜூலையில்தான் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவு செய்தது.

ஆகவே மருமகளுக்கு இப்படி எழுதி முடித்தேன்: "கையில் ஒரு பிடி சாம்பல் கிடைப்பதே பெரும் பேறு, பிள்ளை. அது கிடைக்காத வீட்டில் நான் வளர்ந்தேன். கடலுக்கு உரியதைக் கடலுக்குக் கொடு. ஒரு கரண்டியை நீ வைத்துக்கொள்வது வரலாறு காணாத செயல் அன்று. ஆனால் அம்மாவின் சம்மதம் இல்லாமல் செய்யாதே. எடுப்பதைத் திரும்ப வைக்க முடியாது."

ஆவணி மாதம் அவர்கள் வந்தார்கள். விடியற்காலையில் கடற்கரைக்குப் போனோம். ஐயர் மந்திரம் சொல்ல, மருமகன் இடுப்பளவு நீரில் நின்று முட்டியைக் கவிழ்த்தான். சற்று நேரம் வெள்ளையாக மிதந்த சாம்பல் பின்பு கலங்கி மறைந்தது. பெரியப்பாவும் வந்திருந்தார். அவருடைய கருத்து மாறவில்லை. மாற வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

கரையேறிய பின் மருமகள் கைப்பையிலிருந்து புளியங்கொட்டை அளவான ஒரு நீலக் கண்ணாடியை எடுத்து அக்காவிடம் கொடுத்தாள். அக்கா அதை வெயிலுக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணாவின் சட்டையும் இந்த நிறந்தானே?" என்று கேட்டார்.

ஆம் என்றேன்.